எரட்டா போட்டைப் பார்த்துக் கிளம்புங்கள்

பங்குனி உத்திரம் முடிந்து சித்திரை பிறக்கிற இந்த இடைவெளிதான் லாங் ஐலண்டில் சொந்தபந்தம் இருப்பவர்கள் போய்வரத் தோதான சமயம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. வாடைக்காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கிறது. ஏப்ரல் கடைசியில் மேகம் கூட ஆரம்பிக்கும். மே மாதம் ஒரு தாழ்வு மண்டலம் கிளம்பினால் போட் நிற்கும். இரண்டு நாள் என்று போனவர்கள் ஒரு வாரம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டிவரும். மாமா ஒன்றும் சொல்லமாட்டார். மாமி சொல்வார். போவதானால் இப்போதே போய்விடுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, நம் வாய்க்கு இன்னும் பழகவில்லை) ரங்கத் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சென்னைக்காரருக்கு அது விழுப்புரம் வரை போகிற தூரம். டிபனுக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுவார். இங்கே அது அரைநாள் வேலை, அதற்கு மேல் போட் வேறு. கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரங்கத்தை அடுத்த எரட்டா ஜெட்டியிலிருந்து லாங் ஐலண்டுக்குப் பிற்பகலில் கிளம்பும் போட் எத்தனை மணிக்கு என்று முதல்நாளே போன் போட்டுக் கேளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். எண்ணி முடிக்கும்போது விடியற்காலை நாலு மணியில் வந்து நிற்பீர்கள்.

ஏனென்றால் ஜிர்க்காடாங் செக்போஸ்டில் கேட் திறப்பது கான்வாய் நேரத்துக்குத்தான். முதல் கான்வாய் காலை ஆறு மணிக்கு, அடுத்தது ஒன்பதுக்கு. ஆறு மணி வண்டியைப் பிடித்தவர் ரங்கத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு எரட்டா போகலாம். ஒன்பது மணிக்காரர் நாள் முழுக்க வாட்சைப் பார்த்துக்கொண்டே வருவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் நான் அந்த ஒன்பது மணி ஆள். தூங்கிவிட்டேன், வேறு காரணம் இல்லை. எரட்டாவில் இறங்கியபோது போட் சதுப்புக் காட்டின் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். ரங்கத்தில் ரூம் போட்டுப் படுத்தேன். லாங் ஐலண்டில் சித்தி எனக்காக வைத்த மீன் குழம்பை அடுத்த வீட்டுக்காரர் சாப்பிட்டார்.

செக்போஸ்டில் வண்டியில் இருப்போர் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை எல்லோரிடமும், அசலாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்டிக்கடியில் வைத்துவிட்டு, பின்னால் முப்பது வண்டி ஹாரன் அடிக்கும்போது தேடாதீர்கள். டீக்கடை வேலையை கேட் திறக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஐம்பது கிலோமீட்டர் போல, எங்கும் நிறுத்த முடியாது. அது ஜாரவா மக்களின் காடு. முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கட் பாக்கெட்டை நீட்டக் கூடாது. மீறினால் ஜெயில் வரை போகும் சட்டம் இருக்கிறது. 1956-ல் வந்த ஒழுங்குமுறையை 2012-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த விருந்தாளி உங்கள் வண்டியில் இருந்தால் போனை வாங்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். நாம் அவர்கள் வீட்டு முற்றத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறோம். இந்த ரோட்டை மூடச்சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் அதில்தான் போகிறோம். குறைந்தபட்சம் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு போகலாம்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியை பெர்ரியில் ஏற்றி பாராடாங் போக வேண்டும். முன்பெல்லாம் பாராடாங்கைத் தாண்டியதும் இன்னொரு பெர்ரி இருந்தது. ஹம்ப்ரி ஜலசந்தியில் ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் சேது வந்தபிறகு அந்தக் காத்திருப்பு தொலைந்தது. பாலத்தைத் தாண்டினால் கதம்தலா, அப்புறம் ரங்கத். பஸ்ஸில் வருபவர்கள் மோகன்புரா ஸ்டாண்டில் சீட்டை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

ரங்கத் பஜாரில் வண்டியை நிறுத்திக் காய்கறி வாங்குங்கள். இது அறிவுரை இல்லை, மரியாதை. தீவுக்குப் போகும் எல்லாமே போட்டில்தான் போகிறது. ஸ்வீட் பாக்ஸைவிட இரண்டு கிலோ சின்ன வெங்காயத்துக்கு அங்கே அதிக முகமலர்ச்சி கிடைக்கும், என் சித்தி வீட்டில் பார்த்தது. மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால் எந்த மாத்திரை தீரப்போகிறது என்று கேட்டுப் போர்ட் பிளேரிலேயே வாங்கிவிடுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-ல் லாங் ஐலண்டுக்கே வந்து இறங்கியது உண்மைதான். அதற்காக ஜெட்டியில் தேங்காய் விற்பவரிடம் போனை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கார் எரட்டாவோடு சரி. தீவில் எல்லாம் நடைதான், ஆகவே ஆளுக்கு ஒரு பை, அதுவும் தோளில் மாட்டுவது. எரட்டாவில் போட் வரும்வரை பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். சதுப்பு ஓடைகளில் முதலை உண்டு. லாங் ஐலண்ட் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். வயிறு புரட்டுபவர்கள் போட்டின் நடுவில் உட்காருங்கள். இங்கே சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதை மெயின்லேண்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது தண்ணீர். நான் போன சித்திரையில் சித்தி வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. விருந்தாளி என்பதற்காக நிறைய வாளி எடுத்து வைப்பார்கள். ஒரு வாளியில் குளித்து முடியுங்கள். துணியைத் துவைக்காமல் பொட்டலம் கட்டி எடுத்து வாருங்கள்.

லாலாஜி பே பார்க்காமல் வர மனசு வராது. காட்டு வழியே நடந்தால் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். காலையிலேயே, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மணலில் பொடி ஈ கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, மணலில் நேரே உட்காராமல் பாய் விரித்து உட்காருங்கள். சிப்பியும் பவளமும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். எடுத்தால் ஏர்போர்ட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

திரும்பும்போது இதே கணக்கு தலைகீழ்: காலை போட்டில் ஏறாவிட்டால் அன்று போர்ட் பிளேர் போய்ச் சேர்வது கஷ்டம். ரோடே வேண்டாம் என்பவர்களுக்குப் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போகும் கப்பல் உண்டு. எல்லா நாளும் கிடையாது. விடுமுறையில் டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். ஐலண்டர் கார்டோடு கவுன்டருக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.