கலப்பட ரூட்டைல்: லேப் ரிப்போர்ட் மட்டும் போதுமா?

கேள்வி: கோவையில் யுபிவிசி ஜன்னல் ப்ரொஃபைல் தயாரிக்கும் சிறு யூனிட் நடத்துகிறேன். வெள்ளை நிறத்துக்கும் வெயில் தாங்குவதற்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, ரூட்டைல் கிரேடு சேர்ப்போம். சென்ற ஆண்டு ஒரு சப்ளையரிடம் 25 கிலோ மூட்டையாக 80 மூட்டை வாங்கினேன்; ஜிஎஸ்டியோடு ரூ.6,37,200. 52 மூட்டை ஓட்டி முடித்த பிறகு புகார் வர ஆரம்பித்தது. வெயில் படும் பக்கம் மஞ்சளாகிறது, தடவினால் கையில் வெள்ளையாக ஒட்டுகிறது என்கிறார்கள். கொஞ்சம் பவுடரைக் கவரில் போட்டு லேபுக்கு அனுப்பினேன். கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது, ரூட்டைல் அல்லாத அனட்டேஸ் வகையும் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. சப்ளையரிடம் போனில் சொன்னேன், ‘பார்க்கலாம்’ என்றார். பணத்தை நிறுத்திவிட்டேன். இப்போது அவர் குறு, சிறு நிறுவனங்களுக்கான ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் வட்டியோடு கேட்டு மனு போட்டிருக்கிறார். நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. ரிப்போர்ட்டைக் காட்டினால் போதாதா? மீதி 28 மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாமா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த 28 மூட்டையைத் திருப்பி அனுப்பாதீர்கள். மெஷினிலும் போடாதீர்கள். உங்கள் வழக்கில் உயிர் இருக்கிறது என்றால் அது அந்த மூட்டைகளில்தான் இருக்கிறது.

ரிப்போர்ட் ஏன் போதாது? நீங்கள் இணைத்த நகலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது, முடிவு அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று போட்டிருக்கிறது. கவருக்குள் என்ன இருந்தது என்று லேப் சொல்லிவிட்டது. அந்தப் பவுடர் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. கவரில் பேட்ச் எண் எழுதவில்லை, சீல் இல்லை, எடுக்கும்போது யாரும் உடன் இல்லை. அதே மாதத்தில் அவசரத்துக்கு இன்னொரு கடையில் சில மூட்டை வாங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். பொருள் கலப்படம் என்பது இங்கே பெரிய சண்டை அல்ல. கலப்படப் பொருள் அவர் கொடுத்ததுதானா என்பதில்தான் வழக்கு நிற்கும், விழும்.

சுத்தத்தைக் கண்டுபிடிப்பது வேதியியலுக்கு எளிது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சியம் கார்பனேட் நுரைத்துப் பொங்கும். டைட்டானியம் டை ஆக்சைடு சும்மா கிடக்கும். உலையில் சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கினால் கார்பனேட் தன் எடையில் 44 சதவீதத்தைக் கரியமில வாயுவாக இழக்கும். அந்த இழப்பை வைத்துக் கலப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். ரூட்டைலா அனட்டேஸா என்பதற்கு எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் சோதனை வேண்டும். கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற நிறுவனத்திலோ, இந்தச் சோதனைகளுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபிலோ கேட்டுப் பாருங்கள். ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் மாதிரி எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்.

தையல் பிரிக்காத மூட்டைகளைத் தனி அறையில் பூட்டுங்கள். ஒவ்வொரு மூட்டையின் பேட்ச் எண்ணும் தையலும் தெரியப் படம் எடுங்கள். பிறகு வக்கீல் மூலம் சப்ளையருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ்: இன்ன நாள், இன்ன நேரம், இரு தரப்பும் சேர்ந்து மாதிரி எடுக்கலாம், வாருங்கள் என்று. அவர் வந்தால் அவர் முன்னிலையில், வராவிட்டால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், மூன்று பங்காக எடுத்து சீல் வைத்துக் கையெழுத்திடுங்கள். ஒன்று லேபுக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று உங்களிடம். அவர் அதையும் மறுத்தால், கவுன்சிலில் விவகாரம் நடுவர் கட்டத்துக்குப் போகும்போது நிபுணரை நியமிக்கச் சொல்லிக் கேட்க வழியுண்டு. 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதற்குத்தான்.

பொருளின் பிறப்பிடத்தையும் விடாதீர்கள். அவர் கொடுத்த தரச் சான்றிதழில் ஒரு பேட்ச் எண், மூட்டையில் வேறு எண் என்கிறீர்கள். மூட்டையின் படத்தோடு, அதில் பெயர் அச்சிட்டிருக்கும் உற்பத்தியாளருக்கே எழுதிக் கேளுங்கள்: இந்த பேட்ச் உங்களுடையதா, இந்தச் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததா? அந்த ஒரு பதில் கடிதம் பத்து வாதங்களுக்குச் சமம். இறக்குமதிச் சரக்கு என்று சொல்லியிருந்தால் பில் ஆஃப் என்ட்ரி நகலையும் சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி, வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. சரக்கு வந்த அன்று ஒரு மூட்டையைப் பிரித்துச் சோதிக்க உங்களுக்கு என்ன தடை இருந்தது? புகார் வந்த அன்றாவது ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாமே? ஆறு லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கியிருக்கிறீர்கள். பர்ச்சேஸ் ஆர்டர் இல்லை, எல்லாம் போன் பேச்சு. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். போனில் சொன்னது எழுத்தாகாது. பணத்துக்கான கெடு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டாது. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். நீங்கள் ‘பார்க்கலாம்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்த மாதங்களில் அந்த வட்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நோட்டீஸ் வந்த பிறகும் மூன்று வாரம்! சிறு தொழில் செய்பவர்கள் இப்படித் தங்கள் உரிமையைத் தாங்களே கரைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

52 மூட்டையை ஓட்டிவிட்டதால் சரக்கை நிராகரிக்கும் உரிமை கிட்டத்தட்ட போய்விட்டது. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. பில்லில் ‘ரூட்டைல்’ என்று எழுதியிருப்பது நல்லது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விவரித்து விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டாலும் 59ஆம் பிரிவின் கீழ் விலையைக் குறைக்கவோ நஷ்டஈடு கேட்கவோ முடியும். அதைக் கவுன்சிலிலேயே எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம் என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காலக்கெடு மூன்று ஆண்டு. குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு.

சப்ளையருடைய உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழையும் பாருங்கள். அவர் வாங்கி விற்கும் வியாபாரி மட்டும்தான் என்றால், வியாபாரிகளுக்கு உத்யம் பதிவின் பலன் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே என்று மத்திய அரசு 2021 ஜூலையில் குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. அந்த அடிப்படையில் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுப்ப வேண்டும். பின்னால் எழுப்பினால் எடுபடுவது கடினம். எதிராகத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்கவே தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும்.

கன்ஸ்யூமர் கோர்ட் வேண்டாம். தொழிலுக்கு வாங்கிய மூலப்பொருள், பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். போலீஸ் புகாரை உற்பத்தியாளரின் பதில் வந்த பிறகு யோசிக்கலாம்.

உங்கள் ஆவணங்கள் முழுவதையும் நான் பார்க்கவில்லை. கடிதத்தில் உள்ளதை வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. இதை வைத்து நீங்களே பதில் மனு எழுதிவிடாதீர்கள். கோவையிலேயே வணிக வழக்கு நடத்தும் வக்கீலை இந்த வாரமே நேரில் பாருங்கள். பில், இ-வே பில், தரச் சான்றிதழ், கவுன்சில் நோட்டீஸும் அது வந்த கவரும், லேப் ரிப்போர்ட், வாடிக்கையாளர் புகார்கள், பேட்ச் ஓட்டிய ப்ரொடக்ஷன் ரிஜிஸ்டர், எல்லாவற்றையும் கொண்டு போங்கள். சப்ளையரோடு வாட்ஸ்அப்பில் பேசியது இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாக வைக்க 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதையும் வக்கீலிடம் சொல்லித் தயார் செய்யுங்கள். பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்கும் மனுதான் வக்கீல் முதலில் போட வேண்டியது.