அகல டயரும் ஃபெண்டர் லைனரும்

மெட்ராலஜி லேபில் வெர்னியர் பிடித்து மில்லிமீட்டர் எண்ணுகிற நாம், சொந்தக் கார் என்று வந்தால் கண்ணளவிலேயே அறுத்துவிடுகிறோம். நான் அறுத்த கதை இது.

மட்கார்டு தகட்டுக்கு உள்ளே, சக்கரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கறுப்பு பிளாஸ்டிக் ஒன்று கிளிப்பில் மாட்டியிருக்கும். அதுதான் ஃபெண்டர் லைனர். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். டயர் வாரியடிக்கிற சேறும் கல்லும் தகட்டு இடுக்கிலும் ஒயரிலும் போகாமல் தடுக்கும்.

ஏரலில் சித்தப்பாவின் ஸ்விஃப்ட் காருக்கு 165/80 ஆர்14 டயர். 2023 கோடையில், 15 அங்குல அலாய் வீலில் 195/60 ஆர்15 போடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கணக்கும் போட்டேன்.

பழைய விட்டம்: 14 × 25.4 + 2 × (165 × 0.80) = 619.6 மி.மீ.
புது விட்டம்: 15 × 25.4 + 2 × (195 × 0.60) = 615 மி.மீ.

"விட்டம் குறையத்தான் செய்யுது சித்தப்பா, எங்க உரசப் போகுது?" என்றேன். குரும்பூர் ரோட்டில் முதல் திருப்பத்திலேயே 'கர்ர்ர்' என்றது!

எங்கே தப்பு? விட்டம் பார்த்தேன், அகலம் பார்க்கவில்லை. டயர் 30 மி.மீ. அகலம் கூடினால் பக்கத்துக்கு 15 மி.மீ. புது வீலின் ஆஃப்செட் 45-லிருந்து 38 ஆனதால் இன்னும் 7 மி.மீ. வெளியே தள்ளியது. ஆக, வெளி விளிம்பு 22 மி.மீ. வெளியே வந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் ஸ்டியரிங் அச்சைச் சுற்றித் திரும்பும். விளிம்பு அச்சைவிட்டு விலக விலக, அது போடுகிற வட்டமும் பெரிதாகும். அதனால்தான் கதவுப் பக்க மூலையில் லைனரைத் தொட்டது.

உரசிய இடத்தை ஆக்ஸா பிளேடால் உள்ளங்கை அளவுக்கு அறுத்து எறிந்தேன். சத்தம் நின்றது. எனக்குப் பெருமை வேறு!

அந்த டிசம்பரில் வெள்ளம். 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது, பாலமும் சேதமானது. கார் மேட்டில் நின்றதால் தப்பியது. ஆனால் பிறகு பல வாரம் வண்டல் படிந்த ரோட்டில்தான் ஓட்டம். நான் அறுத்த ஓட்டை வழியே சேறு போய் மட்கார்டின் அடி மடிப்பில் அடைந்து, ஈரம் காயாமலே கிடந்திருக்கிறது. 2024 ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போக வண்டி கழுவும்போது கதவோரம் பெயிண்ட் கொப்புளம் தெரிந்தது. விரலால் அழுத்தினேன், தகடு பொடிந்தது.

"அந்தப் பிளாஸ்டிக்க எதுக்குல வெட்டுன? கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருக்கான்?" என்றார் சித்தப்பா. அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தகடு வேலை பார்த்து, ஆன்டி ரஸ்ட் அடித்து, புது லைனர் வாங்கினோம். டயரையும் 185/65 ஆர்15-க்கு இறக்கினோம். அதே காரின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே போடுகிற அளவு அது, விட்டம் 621.5 மி.மீ. (ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.)

அலாய் வீல் அதேதான் என்பதால் லேசான உரசல் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை பிளேடைத் தொடவில்லை. லைனரில் சாக்பீஸ் பூசி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஆள் ஏற்றி ஒரு மேடு பள்ளத்திலும் ஓட்டினோம். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். சக்கரத்தைக் கழற்றி, லைனருக்குப் பின்னால் ஒயர் போகிறதா என்று பார்த்து ஒதுக்கிக் கட்டினோம். பிறகு ஹீட் கன். ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்ட வேண்டும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஸ்டவ், புளோ லாம்ப் எல்லாம் கூடவே கூடாது. பிளாஸ்டிக் துவண்டதும் மரக்கட்டையால் தகட்டுப் பக்கம் அமுக்கி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டுக் கையெடுத்தேன். பழையபடி வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஈரத்துணி போட்டு ஆறவைத்தேன். டயருக்கும் லைனருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போனது. விட்டுப்போன கிளிப்புகளையும் மாட்டினோம். கிளிப் இல்லாத லைனர் காற்றில் துடித்து டயரில் போய்ச் சிக்கும்.

இப்போது உரசல் இல்லை. ஆனாலும் குரும்பூர் ரோட்டுத் திருப்பம் வந்தால், சித்தப்பா கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்கிறார்.