வடித்த ஆயில் எங்கே போகும்?

கேள்வி: காரின் என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றலாமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாக மாற்றலாம். என்ஜினைச் சற்றே சூடேற்றி அணைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின் மீது வண்டியை நிறுத்தி, அடி போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை முற்றிலும் வடித்து, போல்ட்டை மீண்டும் பூட்டி, பழைய ஃபில்டரைக் கழற்றி, புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையாலேயே இறுக்கி, கையேடு விதிக்கும் தரத்திலும் அளவிலும் புது ஆயிலை ஊற்றிக் கசிவு பார்த்தால், காரியம் பூர்த்தியாயிற்று.

என் கவலையெல்லாம் வடித்த ஆயிலைப் பற்றியதே. சாக்கடையில் கொட்டினால் அது வாய்க்கால் வழியே கண்மாயையும் ஆற்றையும் நாசம் செய்யும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் அதனை அபாயகரமான கழிவுகளோடு சேர்த்திருக்கின்றன. ஆதலால் மூடியுள்ள கேனில் சேகரித்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் தயவுசெய்து ஒப்படையுங்கள்.