கொள்ளுக்குத் திறக்கும் வாய்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற பெட்டைக் குதிரையை வாங்கி, ஊட்டிப் புல்வெளிகளிலும் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் ஓட்டிப் பழகுகிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. வீட்டுப் பக்கம் தலை திரும்பினாலே கையைப் பிடுங்கிக்கொண்டு பறக்கிறது, நீளத் தண்டு வைத்த கர்ப் பிட் போட்டால் அடங்குமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிக்கிறோம். மூடுகிற வாய்க்கும் ஒரு நியாயம் இருக்கும். முதலில் அந்த வாயைப் பார்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத வெற்று ஈறு இருக்கிறது. கடிவாளத்தின் வாயிரும்பான பிட் அங்கேதான் நாக்கின் மேல் கிடக்கிறது. மெல்லிய ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாய் ஓநாய்ப் பல் முளைத்திருக்கும். இரும்பு அதில் இடித்தால் தலையை உதறும். கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதும் உண்டு. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அரத்தால் ராவச் சொல். சேணம் முதுகை அழுத்துகிறதா என்றும் பார். வேலை குறைந்த நாளில் கொள்ளையும் குறை.

உன் குதிரையின் பழைய வாழ்க்கையையும் நினைத்துப் பார். ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகிய உயிர் அது. நீ நிற்கச் சொல்லி இழுக்கிறாய். குதிரைக்கோ அந்த இழுப்பு ஓடச் சொல்வதாகவே படுகிறது.

கர்ப் பிட் ஒரு நெம்புகோல். கீழ்த்தண்டு நீள நீள, உன் கையிழுப்பு வாயில் பல மடங்காக இறங்கும். தாடைச் சங்கிலியும் சேர்ந்து இறுக்கும். அமைதியான கைக்கும் பழகிய குதிரைக்கும் அது உதவும். இருபது வயதில் நானும் ஒரு துடிப்பான குதிரைக்கு அதை மாட்டினேன். இறக்கத்தில் அதன் கால் சறுக்கியது. பயத்தில் வாரைப் பற்றி இழுத்துவிட்டேன். வலி தாங்காமல் பின்னங்காலில் எழுந்து நின்றது. இறங்கிப் பார்த்தால் நாக்கின் ஓரம் கிழிந்து, நுரையில் ரத்தம். பிறகு பல மாதங்கள் கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உனக்கு நான் சொல்வது நெம்புகோல் தண்டு இல்லாத ஸ்னாஃபில் பிட்தான். நடுவில் ஒரே மூட்டு உள்ளது இழுக்கும்போது மடங்கி அழுத்தும். இரண்டு மூட்டும் இடையில் வழவழப்பான சிறு துண்டும் உள்ளது நாக்கோடு படிந்து கிடக்கும். தடிமன் 14 முதல் 16 மில்லிமீட்டர் இருக்கட்டும். தடித்தது எல்லாம் மென்மையானது என்று நினைக்காதே. சின்ன வாயில் அது நாக்கை நெருக்கும். அகலம் இரு பக்கமும் உதட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டர் போலத் தெரிந்தால் போதும். வளையம் 'டி' வடிவில் இருந்தால் உதட்டைக் கிள்ளாது. மேலும் கீழும் நீட்டிய கம்பி உள்ளது வேண்டாம், உண்ணிச்செடிப் புதரில் மாட்டும். முள் வைத்ததை யாராவது விற்க வந்தால் தொடாதே. மிருகவதைத் தடுப்புக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன.

மார்கழி, தை மாத உறைபனிக் காலையில் பிட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு மாட்டு.

பிறகு மைதானத்தில் பழக்கு. விடாமல் இழுக்காதே. பிடி, குதிரை ஒரு அடி தளர்ந்தாலும் அந்தக் கணமே விடு. பறக்கப் பார்த்தால் ஒரு வாரை மட்டும் பக்கவாட்டில் மடக்கி, சின்ன வட்டத்தில் திருப்பு. சாய்ந்துகொள்ள அதற்குப் பிடி இருக்காது. ஒற்றையடிப் பாதையிலும் பள்ளத்தின் ஓரத்திலும் இதைச் செய்யாதே. நடந்தே வீடு திரும்பும் பழக்கம் வரும்வரை தொலைதூரம் போகவேண்டாம்.

மருத்துவர் வந்து வாயைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று நீயும் பார். ஈறில் தழும்பு உண்டா, ஓநாய்ப் பல் உண்டா என்று எழுது. பிட் வாங்குவதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா