அபினி மயக்கமும் மார்பின் மருந்தும்



ஈப்போவைச் சூழ்ந்த ஈயச் சுரங்கங்களில் உழைத்த பலரைச் சண்டு கெடுத்ததை நம் முன்னோர் கண்டனர். பின்னர் சர்க்காரே அதனை ஏகபோகமாக விற்றது. 1946-இல்தான் மலாயாவில் தடை வந்தது. அந்த அச்சத்தால் இன்றும் புற்றுநோயாளிக்கு வைத்தியர் தரும் மார்பினை வீட்டார் சிலர் ஒளித்து வைக்கின்றனர். “சபுர் செய்யுங்கள்” என்கின்றனர். நோயாளியோ துடிக்கிறார். இது தகுமா?

மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவதே. எனினும் போதைக்காக உட்கொள்வது வேறு. வைத்தியர் அளந்து தரும் நிவாரணம் வேறு. தக்க வைத்தியரின் சொற்படி, தேவைக்கு அருந்துவதை உலமாக்கள் அனுமதித்துள்ளனர்.

நாம் அறிய வேண்டியவை சில. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கலோ நீடிக்கும், அதற்குத் தொடக்கத்திலேயே மருந்து கேட்க வேண்டும். வைத்தியர் அறியாமல் தூக்க மாத்திரை சேர்க்கலாகாது. திடீரென நிறுத்தவும் கூடாது. மூச்சு மந்தமாகி, எழுப்பியும் எழாவிடில், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. மிஞ்சிய மாத்திரையை முதுகுவலிக்காரருக்குக் கொடுப்பது உதவியன்று, ஆபத்து.

நிறுவையில் நேர்மை காக்கும் வணிகர் நாம். மருந்திலும் அளவைக் காப்போம். நோயாளி சொல்லும் வலியை நம்புவோம்.

வஸ்ஸலாம்.