காளிகாட் ஓவியங்கள்

ஓவியக்கலை என்றவுடன் அஜந்தாவையும் அரசவைச் சித்திரங்களையும் மட்டுமே எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கோயில் வாசலில் சில காசுகளுக்கு விற்ற படங்களுக்கும் கலை வரலாற்றில் உரிய இடம் உண்டு என்பது என் கருத்து. இதற்குத் தக்க சான்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தின் காளிகாட் ஓவியம்.

கல்கத்தாக் காளி கோயிலின் இன்றைய கட்டடம் 1809-இல் எழுந்தது. யாத்திரிகர் கூட்டம் பெருகவே, நாட்டுப்புறத்திலிருந்து 'பட்டுவா' எனப்படும் ஓவியர்கள் வந்து அங்கே குடியேறினர். ஊரில் அவர்கள் நீண்ட சுருளில் புராணக் கதைகளை வரைந்து, அதை விரித்துப் பாடிக் காட்டி வந்தவர்கள். நகரத்திலோ நின்று கேட்பாரில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு படம் போதும் என்றனர். ஆகவே சுருள் தனித்தாள் ஆயிற்று. நெடுங்கதை ஓர் உருவம் ஆயிற்று. ஆலைக் காகிதம் மலிவாகக் கிடைத்தது. ஒருவர் கோடிழுக்க, மற்றொருவர் வண்ணம் தீட்ட, குடும்பமே உழைத்தது. பின்னணியை வெறுமையாக விட்டனர். வளைந்தோடும் தூரிகை வீச்சில் தோளும் கையும் பிறந்தன; ஓரத்தில் அழுத்தமாகத் தொடங்கி உள்நோக்கி மங்கும் வண்ணம் உடலுக்குத் திரட்சி தந்தது. விரைவுக்காகச் செய்த சுருக்கமே அழகாயிற்று.

காளி, துர்க்கை, சிவன், கண்ணன், அனுமன் ஆகியோரே முதன்மையான பொருள்கள். நம் முருகனை அங்கே கண்டால் வியப்போம். கார்த்திக் என்று வங்கத்தார் வழங்கும் அப்பெருமான், நாகரிகமாக வாரிய தலையும் காலில் சப்பாத்துமாய், அன்றைய கல்கத்தா 'பாபு'வைப் போல மயில்மேல் வீற்றிருக்கிறார்! நெற்றியில் சமயக் குறியிட்ட பூனை மீனைக் கவ்வி நிற்கும் படம், போலித் துறவியரை எள்ளியது. 1873-இல் தாரகேசுவரக் கோயில் மகந்து சிக்கிய வழக்கும் படமாக விற்றது. தெய்வத்தைப் பணிந்த அதே கை, தெய்வத்தின் பெயரால் தவறிழைத்தவரைக் காட்டிக்கொடுக்கவும் தயங்கவில்லை. இக்கலையின் உயிர் இதிலேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மலிவான அச்சுப்படங்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டுவாக்களின் வாணிபம் நலிந்து மறைந்தது. வாங்கியவர் சுவரில் ஒட்டிய படங்கள் அழிந்தன. எஞ்சியவற்றுட் பல, அயல்நாட்டார் எடுத்துச் சென்றவையே. தம் தந்தையார் சேர்த்த படங்களை ருட்யார்ட் கிப்ளிங் 1917-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். நம் நாட்டில் ஜாமினி ராய் (1887-1972) அக்கோடுகளிலிருந்து தம் கலைக்கு வலிமை பெற்றார்.

வரைந்தவர்களுள் பெரும்பாலோர் கையொப்பம் இடவில்லை. அவர்கள் பெயர் நமக்குக் கிட்டாது. நண்பர்களே, நீங்கள் பயிலும் ஊரிலும் கோயில் தெருக்கள் உண்டு. அங்கே விற்பதை 'மலிவுச் சரக்கு' என்று ஒதுக்குமுன் ஒரு முறை நின்று பாருங்கள். அழிந்தபின் அருங்காட்சியகத்தில் தேடுவதினும் அது நன்று.