வெண்பா: வாதமும் எதிர்வாதமும்

யாப்பில் படிக்கும் வெண்பா அன்று இது. 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வீடியோ விளையாட்டு. 1988-இல் கனடாவில் வாழும் வெண்பா என்னும் தமிழ்ப்பெண், தாயின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள். அழிந்துபோன குறிப்புகளை ஆடுபவரே ஊகித்தறிய வேண்டும்.

எங்கள் வகுப்பு இரண்டுபட்டது. "ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்துவிடுகிறது, தோல்வி பயமே இல்லை. சீசனில் குற்றாலம் வந்து, நனையாமல் திரும்புவதா?" என்றது ஒரு கட்சி. "குறள் வெண்பாவும் இரண்டடிதானே!" என்றோம் நாங்கள். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் எடுத்துக்காட்டினோம். அவர்கள் அசையவில்லை. பயமில்லாத விளையாட்டு சற்றுச் சப்பென்றுதான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் மகன் கவின் தமிழ் பேசக் கூசுகிறான். வளர்ந்தபின் குறிப்பேட்டைத் திறந்தால், எழுத்து முழுதும் விளங்கவில்லை. தென்காசிக் கடைத்தெருவில் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லும் தோழியர், இவ்விடத்தில் மட்டும் எதிர்வாதம் செய்யவில்லை.